சொட்டு மருந்தால் நோய் போனது சரி, வேறென்ன கிடைத்தது?

"போலியோதான் ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்குச் சொட்டு மருந்து? அந்த மருந்தால் நோய் போனது சரி, அதைத் தவிர சமூகத்துக்கு அப்படி என்ன கிடைத்துவிட்டது?" இரண்டு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. கேட்டதில் தப்பே இல்லை. அவர் வயதுக்காரர்கள் போலியோவைப் பார்த்ததே கிடையாது, பார்க்காத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது? நான் டாக்டர் இல்லை, திருவண்ணாமலைப் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 1995 டிசம்பரில் நாடு முழுக்க நடந்த முதல் பல்ஸ் போலியோ நாளில் (எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் சொட்டு கொடுக்கிற நாள்) ஐஸ் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நோய் போனது சரி" என்று நீங்கள் அரை வரியில் தாண்டிவிட்டீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். என் வகுப்பில் மட்டும் இரண்டு பேருக்கு இளம்பிள்ளை வாதம், அதாவது இந்தப் போலியோ. ஒருவன் ஒரு கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி நடப்பான். இன்னொருவனுக்கு இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ், அவன் வருகிற சத்தம் சிமெண்டுத் தரையில் தூரத்திலேயே கேட்டுவிடும். தோல் வார் உரசி உரசித் தொடையில் புண்ணாகி, வெயில் காலத்தில் அதை மாட்டவே மாட்டேன் என்று அழுவான். இரண்டு பேருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் இருந்தது, ஊரில் யாரும் அந்தப் பெயரில் கூப்பிடவில்லை. என்னவென்று கூப்பிட்டார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பெண் பிள்ளையாக இருந்தால் பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மாட்டார்கள். அப்புறம் ஊருக்கு ஊர் எஸ்டிடி பூத் வந்த காலத்தில் மாற்றுத் திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள் இல்லையா, அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் பில் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கால் என்று நாற்பது தாண்டிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒரு முகத்தையாவது சொல்வார்கள்.

அது வந்த விதம் அதைவிடக் கொடுமை. ராத்திரி காய்ச்சல், கொஞ்சம் வாந்தி, சளியாக இருக்கும் என்று கஷாயம் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தினால் ஒரு கால் துணி மாதிரித் தொங்கும். அவ்வளவுதான், திரும்ப வராது. சில பிள்ளைகளுக்கு மூச்சு விடுகிற தசையே படுத்துவிடும், அவர்கள் பிழைப்பது கஷ்டம். இந்த வைரஸ் மலத்தில் வெளியேறி, தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ அடுத்த பிள்ளையின் வாய்க்குப் போய்க் குடலில் பெருகுகிறது. சுமார் இருநூறு பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் இப்படிக் கை கால் விழும், மற்றவர்களுக்கு வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. அதாவது ஒரு தெருவில் ஒரு பிள்ளைக்குக் கால் விழுந்தது என்றால், அக்கம்பக்கத்தில் இருநூறு பிள்ளைகளின் வயிற்றுக்குள் அது ஏற்கெனவே புகுந்திருக்கும். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று. "காய்ச்சலுக்கு டாக்டர் ஊசி போட்டார், அந்தக் கால்தான் போச்சு" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மூடநம்பிக்கை என்று நானும் சிரித்திருக்கிறேன், ஆனால் அதில் உண்மை உண்டு. உடம்புக்குள் போலியோ கிருமி இருக்கும்போது சதையில் ஊசி குத்தினால், அந்தக் கை காலுக்கே வாதம் வரும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவத்தில் நிரூபணமான விஷயம். காய்ச்சல் என்றாலே இடுப்பில் ஒரு ஊசி என்று பழகிய நம் நாட்டில் அது எத்தனை பிள்ளைகளின் காலை வாங்கியிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

1988இல் உலகத்தில் 125க்கும் மேற்பட்ட நாடுகளில் போலியோ இருந்தது, ஆண்டுக்கு 3.5 லட்சம் பிள்ளைகள் முடமானார்கள். தினம் கிட்டத்தட்ட ஆயிரம் பிள்ளைகள். தடுப்பு மருந்து மட்டும் போய்ச் சேராமல் இருந்திருந்தால் வாதம் தாக்கியிருக்கும், இன்று நடந்துகொண்டிருக்கும் மனிதர்கள் 2 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்த 2 கோடியில் தான் ஒருவர் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

சரி, மருந்து வந்த கதை. அமெரிக்காவில் 1952இல் மட்டும் சுமார் 58,000 பேருக்குப் போலியோ. பணக்கார நாடு, சுத்தமான நாடு, அங்கேதான் பெரிய அளவில் வந்தது. அவர்களின் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே 1921இல் கால் விழுந்திருந்தது. அவர் ஆரம்பித்த அமைப்புக்கு ஜனங்கள் பத்து சென்ட் காசுகளைக் கவரில் போட்டு வெள்ளை மாளிகைக்கே அனுப்பினார்கள், அப்படிச் சேர்ந்த காசில்தான் பெரும்பாலான ஆராய்ச்சி நடந்தது. 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்ற மூவர், போலியோ வைரஸை நரம்புத் திசு இல்லாமல் வேறு திசுக்களில் சோதனைக் குழாயில் வளர்க்க முடியும் என்று காட்டினார்கள், 1954இல் நோபல் பரிசு கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையிலும் பெரிய திருப்பம் அதுதான், ஆனால் பாடப்புத்தகத்தில் ஜோனாஸ் சால்க் பெயர்தான் இருக்கும். சால்க் அந்த வைரஸைக் கொன்று ஊசி மருந்தாக்கினார். 1954இல் சுமார் 18 லட்சம் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பெரிய சோதனை நடந்தது, 1955 ஏப்ரல் 12 அன்று முடிவு வெளியானபோது தேவாலய மணிகளை அடித்தார்களாம். காப்புரிமை யாருக்கு என்று கேட்டதற்கு, சூரியனுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா என்று சால்க் திருப்பிக் கேட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. (அந்த மருந்துக்குக் காப்புரிமை கிடைக்காது என்று வக்கீல்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாத கதை. அதனால் அவர் மதிப்பு குறையவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.)

இரண்டே வாரத்தில் இடி விழுந்தது. கட்டர் என்ற ஆய்வகம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுதாகச் சாகவில்லை. மருந்தே நோயைக் கொடுத்தது, சுமார் 200 பேருக்குக் கை கால் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். தடுப்பூசியைப் பற்றி நல்லது மட்டும் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. மருந்துக் கம்பெனியின் பேச்சை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு தொகுதியையும் எப்படிச் சோதிப்பது, யார் மேற்பார்வை செய்வது என்ற கண்டிப்பெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததற்குப் பிறகு இறுகியதுதான். இன்று உங்கள் பிள்ளைக்குப் போடுகிற எந்த ஊசியும் அந்த வழியாகத்தான் வருகிறது. எண்டர்ஸ் கண்டுபிடித்த வழியிலேயே தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசிகளும் பின்னாலேயே வந்தன. போலியோவுக்கு வெட்டிய வாய்க்காலில் மற்ற வயலுக்கும் தண்ணீர் பாய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆல்பர்ட் சேபின். இவர் வைரஸைக் கொல்லவில்லை, வலுவைக் குறைத்து வாய்வழி மருந்தாக்கினார். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் அமெரிக்க விஞ்ஞானியின் மருந்தை சோவியத் யூனியனில் சுமக்கோவ் என்பவர் கோடிக்கணக்கான பேருக்குக் கொடுத்துச் சோதித்தார். இரண்டு சொட்டு, ஊசி வேண்டாம், நர்ஸ் வேண்டாம், கல்லூரிப் பிள்ளைகள்கூடக் கொடுக்கலாம். குடலிலேயே எதிர்ப்பு வரும், அதனால் கிருமி அடுத்த பிள்ளைக்குப் போகிற வழி அடைபடும். மருந்து குடித்த பிள்ளையின் மலத்தில் அந்த வலுக்குறைந்த வைரஸ் போகும் இல்லையா, அது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தொற்றி, சொட்டே குடிக்காமல் அதற்கும் எதிர்ப்பைக் கொடுக்கும். சாக்கடை வழியாக வந்த நோயைச் சாக்கடை வழியாகவே துரத்தினார்கள்.

இவ்வளவு நல்ல மருந்து 1960களிலேயே இருந்தும் நம் நாட்டில் போலியோ போனது 2011இல். ஐம்பது வருஷம் என்ன செய்தோம்? பாதிக் காரணம் நிர்வாகம், மீதிக் காரணம் குடல். வேலூர் சிஎம்சியில் டாக்டர் ஜேக்கப் ஜான் 1970களில் ஆராய்ந்து சொன்னது இதுதான்: அமெரிக்கப் பிள்ளைக்கு மூன்று தவணை போதும், நம் பிள்ளைக்குப் போதாது. எப்போதும் ஏதாவது ஒரு வயிற்றுத் தொற்றோடு இருக்கிற குடலில் சொட்டு மருந்தின் வைரஸ் ஊன்றவே இடம் கிடைப்பதில்லை. மூன்று தவணை குடித்த பிள்ளைக்கும் போலியோ வந்தது அதனால்தான். அதற்கு அவர் சொன்ன வழி, தவணையைக் கூட்டு, அதுவும் ஒரு வட்டாரத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடு. வேலூரில் செய்தும் காட்டினார்கள். இது டெல்லியில் ஏற நெடுங்காலம் ஆனது.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன், எனக்கு நேரடியாகத் தெரிந்த இடம் இது. ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றால் முதலில் எல்லாப் பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எங்களுக்குத் தெரியாது. பதிவேடு இருந்தது, அதில் வீடு உள்ளவர்கள் இருந்தார்கள், ரேஷன் கார்டு உள்ளவர்கள் இருந்தார்கள். முதல் வருஷம் பள்ளிக்கூடத்திலும் சத்துணவுக் கூடத்திலும் மேஜை போட்டு உட்கார்ந்தோம், கூட்டம் வந்தது, பாராட்டினார்கள். அடுத்தடுத்த வருஷங்களில், வராதவர்களைத் தேடிப் போங்கள் என்றார்கள். அப்போதுதான் ஒரு செங்கல் சூளைக்குப் போனேன். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். மண் குடிசைகளுக்குள் இருந்து முப்பதுக்கு மேல் பிள்ளைகள் வந்தார்கள், எல்லாம் வேறு மாவட்டங்களிலிருந்து முன்பணம் வாங்கி வந்த குடும்பங்கள். ஒரு பிள்ளைக்கும் எந்தத் தடுப்பூசி அட்டையும் இல்லை, அங்கன்வாடி தெரியாது, பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே தெரியாது, "போன சூளைக்கு வந்தப்ப பொறந்தான்" என்பார்கள். நான் அந்த வழியாக எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன், உள்ளே திரும்பிப் பார்த்ததில்லை.

சொட்டு கொடுக்கப் போன எங்கள் கிராம சுகாதார செவிலியர் அன்றைக்கு மூன்று கர்ப்பிணிகளைக் கண்டுபிடித்தார், ஒருவருக்கு எட்டு மாதம், ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. அடுத்த வாரம் தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் அந்தச் சூளைக்குப் போனது. அதற்கப்புறம் எங்கள் வரைபடத்தில் சூளைகள் வந்தன, கரும்பு வெட்ட வருகிறவர்கள் தங்கும் இடங்கள் வந்தன, பாலத்தடி, பஸ் நிலையம், நரிக்குறவர் குடியிருப்பு, ஜவ்வாது மலையில் ஜீப் போகாத ஊர்கள் எல்லாம் வந்தன. எந்தக் கணக்கிலும் இல்லாமல் இருந்த பிள்ளைகள் கணக்குக்குள் வந்தார்கள். நோய் போனதுக்கு அடுத்தபடி சமூகத்துக்குக் கிடைத்தது என்னவென்றால், நான் இதைத்தான் சொல்வேன். இது மருந்தின் குணம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை விட்டுப்போனாலும் எல்லோருக்கும் ஆபத்து என்ற போலியோவின் பிடிவாதம்தான் எங்களை அங்கே தள்ளியது, இல்லாவிட்டால் நாங்கள் போயிருக்க மாட்டோம்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பிள்ளையின் இடது கைச் சுண்டு விரலில் மை வைப்போம், தேர்தல் மை மாதிரி. விட்டுப்போன பிள்ளை இருக்கிற வீட்டுச் சுவரில் எக்ஸ் குறி போட்டுவிட்டு மறுநாள் திரும்பப் போவோம். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் வெள்ளைச் சதுரம் ஒன்று இருக்கும், சூடு பட்டால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். அதற்கு முன்னால் மருந்து கெட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே கிடையாது, மின்வெட்டில் கெட்டுப்போன மருந்தை எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தோமோ. அந்தச் சதுரம் போலியோ சொட்டு மருந்தில்தான் முதலில் வந்தது, இப்போது மற்ற தடுப்பூசிக் குப்பிகளிலும் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டிகள், ஐஸ் பேக் உறைய வைக்கும் ஃப்ரீசர்கள் எல்லாம் போலியோ பணத்தில் கிராமங்களுக்கு வந்து, அப்புறம் எல்லா மருந்துக்கும் பயன்பட்டன.

பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்குத் திடீரென்று கை கால் துவண்டாலும், அது போலியோவாக இருக்காது என்று தெரிந்தாலும்கூட, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை மலம் எடுத்து ஐஸில் வைத்து, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நானே பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன சார், மீனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்வது.

உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பட்ட பாடு இதைவிடப் பல மடங்கு. சொட்டு குடித்தால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி ஒரு பக்கம், கோசி ஆற்று வெள்ளத்தில் ஊரே இடம் மாறுவது ஒரு பக்கம். 2009இல் உலகம் முழுக்க வந்த 1,604 போலியோவில் 741 இந்தியாவில். இந்தியாவில் இது போகவே போகாது என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுதினார்கள். போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு, 2010இல் அதில் இரண்டு வகைக்கு எதிரான புதிய சொட்டு மருந்து வந்தது, அந்த வருஷம் 42. அடுத்த வருஷம் ஒன்றே ஒன்று, 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில். அதோடு சரி. தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு வரவில்லை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

இலங்கையில் கடைசி போலியோ 1993இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே. 1990களின் நடுவிலிருந்து சொட்டு மருந்து நாட்களுக்காக அரசாங்கமும் புலிகளும் சண்டையை நிறுத்தி வைத்தார்கள், வடக்கு கிழக்குப் பிள்ளைகளுக்கும் அன்றைக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதற்கு ஒத்துக்கொண்டார்கள். நைஜீரியாவில் 2014இல் எபோலா நுழைந்தபோது, போலியோவுக்காக வேலை செய்துகொண்டிருந்தவர்களை அப்படியே திருப்பிவிட்டார்கள், வீடு வீடாகத் தேடுவதில் கைதேர்ந்தவர்கள் அவர்கள்தானே. லாகோஸ் மாதிரி ஒரு மாநகரம் இருக்கிற நாட்டில் 20 பேரோடு அது நின்றது. நம் ஊரில் 2017இல் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியால் பள்ளி வாசலில் பெற்றோர் சண்டைக்கு நின்றார்கள், அப்போதும் போலியோ காலத்தில் வீட்டுக்கு வீடு போய்ப் பழகிய செவிலியர் பேச்சைத்தான் கேட்டார்கள்.

அப்படியானால் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வலுக்குறைந்த வைரஸ் என்றேன் இல்லையா, லட்சக்கணக்கில் ஒரு பிள்ளைக்கு அதுவே வாதத்தைக் கொடுத்துவிடும். அதோடு, தடுப்பு மருந்து சரியாகப் போய்ச் சேராத ஊரில் அது பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு நீண்ட நாள் சுற்றிச் சுற்றி, பழைய வலுவைத் திரும்பப் பெற்றுவிடும். இன்று உலகத்தில் வருகிற போலியோவில் பெரும்பகுதி இந்த வகைதான். இதனால்தான் இரண்டாம் வகை வைரஸை 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்தே எடுத்துவிட்டார்கள், 2015 கடைசியிலிருந்து இந்தியாவில் கொல்லப்பட்ட வைரஸ் ஊசியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சேபினை வைத்து நெருப்பை அணைத்துவிட்டு சால்க்கிடம் திரும்பப் போகிறோம்.

இன்னும் எதற்கு என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கை வைரஸ் இன்னும் இருக்கிறது. 2022இல் லண்டன் சாக்கடையில் போலியோ வைரஸ் கிடைத்தது, அதே வருஷம் நியூயார்க் பக்கத்தில் தடுப்பூசி போடாத ஒருவருக்குக் கால் விழுந்தது. 2024இல் காஸாவில், 25 வருஷத்துக்குப் பிறகு, பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கு. அந்த இருநூறு பேர் கணக்கை இப்போது நினைத்துப் பாருங்கள், ஒரு பிள்ளையிடம் தெரிவதற்குள் எத்தனை பிள்ளைகளைத் தொட்டிருக்கும்.

உங்கள் பிள்ளைக்கு இரண்டு வயது என்றீர்கள். பிறந்தவுடன் ஒரு தவணைச் சொட்டு, 6, 10, 14 வாரங்களில் சொட்டு, 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் கையில் சின்ன ஊசி, இவையெல்லாம் போட்டிருப்பீர்கள். ஒன்றரை வயதில் கொடுக்கிற ஊக்கத் தவணைச் சொட்டைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அட்டையை எடுத்து அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் பரவாயில்லை, ஐந்து வயதுவரை கொடுக்கலாம், வருகிற புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.